‘ஒரிஜினலா சார்?’: ரெப்ளிகா ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவருக்கு

பெட்ரோல் பங்க்கில் டேங்க் மூடியைத் திறப்பதற்குள் யாராவது பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரிஜினலா சார்?" என்பார். ரெப்ளிகா (நகல்) கார் வைத்திருப்பவர் இந்தக் கேள்வியிலிருந்து தப்பவே முடியாது. என்னிடம் இருப்பது ஒரு கோப்ரா ரெப்ளிகா. முதல் மாதம் நான் சொன்ன பதில்களை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. ஒருநாள் மழுப்பினேன், ஒருநாள் எரிந்து விழுந்தேன், ஒருநாள் "ஆமாம்" என்று பொய்யே சொல்லிவிட்டேன். அந்த மனிதர் அதை நம்பி, செல்போனை எடுத்து மகனுக்குச் சொல்ல ஆரம்பித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

மற்றவர்கள் உங்கள் காரை எப்படிப் பார்ப்பார்கள் என்பதில் பாதி, நீங்கள் எதன் நகலை வாங்குகிறீர்கள் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. மீதியில் பெரும்பங்கு, காரில் என்ன பேட்ஜ் ஒட்டியிருக்கிறது, காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் இருக்கிறது. வாயால் சமாளிக்க வேண்டியது கடைசியில் கொஞ்சம்தான். அந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில், எதன் நகல் என்று முடிவு செய்யுங்கள்

பழைய அல்லது அரிய ஒரு காரின் வடிவத்தில் வேறொருவர் கட்டியதுதான் ரெப்ளிகா. உடம்பு பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ். இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் வேறொரு சாதாரண காரிலிருந்து வரும். அதற்கு டோனர் கார் என்று பெயர். பாகங்களை வாங்கி வந்து வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டிக்கொண்டால் அது கிட் கார். கட்டி முடித்த காரையும் விற்பார்கள்.

உலகத்தில் அதிகமாக நகலெடுக்கப்பட்ட கார்களைக் கணக்கெடுத்தால் கோப்ராவுக்குத்தான் முதல் வரிசையில் இடம். இங்கிலாந்தின் ஏசி கம்பெனி செய்த சின்ன அலுமினியக் காருக்குள் 1962-ல் கரோல் ஷெல்பி ஃபோர்டின் வி8 இன்ஜினை வைத்தார். அந்தப் பத்தாண்டில் மொத்தம் ஆயிரத்தை ஒட்டித்தான் செய்தார்கள். அவர் செய்த முதல் கோப்ரா 2016-ல் ஏலத்தில் 1.375 கோடி டாலருக்குப் போனது. ஆகவே தெருவில் ஒரு கோப்ரா போனால், விவரம் தெரிந்தவர்கள் அதை ரெப்ளிகா என்றே எடுத்துக்கொள்வார்கள். யாரும் ஏமாந்துபோக மாட்டார்கள், அதனால் கோபமும் படமாட்டார்கள். போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர், 550 ஸ்பைடர், ஃபோர்டு ஜிடி40 ஆகியவற்றின் நகல்களுக்கும் இதே சலுகை உண்டு. 550 ஸ்பைடரை ஏறத்தாழ 90 தான் செய்தார்கள். அது தினமும் ரோட்டில் வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

லோட்டஸ் செவன் வடிவக் கார்களுக்கு இன்னும் நல்ல பெயர். 1957-ல் வந்த அந்தக் காரையே வரிச் சுமை குறைய வேண்டும் என்று கிட்டாக விற்றார்கள். 1973-ல் கேட்டர்ஹாம் அதன் உரிமையை வாங்கிக்கொண்டது. அதே பாணியில் இன்னும் எத்தனையோ பேர் செய்கிறார்கள். வீட்டில் பூட்டுவதே மரபாகிவிட்ட கார் என்பதால், "நீங்களே கட்டினதா?" என்று மரியாதையோடு கேட்பார்கள்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவை, இன்றைக்கும் ஷோரூமில் நிற்கிற அல்லது நேற்றுவரை நின்ற சூப்பர் கார்களின் நகல்கள். போண்டியாக் ஃபியரோ, டொயோட்டா எம்ஆர்2 போல நடுவில் இன்ஜின் உள்ள மலிவான கார்மேல் ஃபெராரி தோலைப் போர்த்துவது ஒரு காலத்தில் பெரிய தொழிலாகவே நடந்தது. ஃபியரோவில் எஃகுக் கூட்டின்மேல் பிளாஸ்டிக் பலகைகளைத்தான் திருகியிருப்பார்கள், கழற்றி மாற்றுவது சுலபம். அப்படிச் செய்த சில கார்களில் உண்மையான கைவேலை இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பார்ப்பவர் மனதில் முதலில் எழுவது, ‘இவர் இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டுகிறார்’ என்ற எண்ணம்தான். நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த எண்ணத்தோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டும். புதியவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்து, பார்த்து வாங்குங்கள்

கட்டி முடித்த பழைய ரெப்ளிகாவை வாங்குவதுதான் முதல்முறைக்கு நல்லது. கிட்டை வாங்கிப் பாதியில் விட்டவர்கள் ஏராளம். பாதியில் நிற்கும் கார் மலிவாகக் கிடைக்கிறதே என்று கை வைக்காதீர்கள். அடுத்தவர் மனதில் இருந்த வரைபடத்தை நீங்கள் ஊகித்துக்கொண்டே மீதியைக் கட்ட வேண்டியிருக்கும்.

ரெப்ளிகாவில் ஒரே பெயரில் வந்த இரண்டு கார்கள்கூட ஒன்றுபோல இருக்காது. கட்டியவர் பொறுமைசாலியா, அவசரக்காரரா என்பதுதான் காரின் தரம். பேச்சை ஆரம்பிக்கும்போதே, கட்டியபோது எடுத்த படங்கள், பில்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஒரு கட்டுப் பில்லை எடுத்து நீட்டுகிறவரிடம் பாதி நம்பிக்கை வைக்கலாம்.

பெயின்ட்டில் மயங்காமல் குனிந்து பாருங்கள். ஃபைபர்கிளாஸ் துருப்பிடிக்காது, ஆனால் அதன் அடியில் இருக்கும் சேசிஸ் இரும்புதானே. குழாய்கள் சேரும் இடத்தில் வெல்டிங்கைப் பாருங்கள், துரு உப்பியிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். உடம்பின் மேற்பூச்சில் நட்சத்திரம் போல விரிசல் இருந்தால் அங்கே அடி விழுந்திருக்கிறது. கதவுக் கீலைச் சுற்றியும் பானெட் மூலைகளிலும் மயிரிழை விரிசல்கள் ஓடினால் அந்த இடம் சவாரியில் நெளிகிறது என்று பொருள். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒரே ஓசை வந்துகொண்டிருந்து திடீரென்று மந்தமாகக் கேட்டால், அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கலாம் அல்லது பட்டி அப்பியிருக்கலாம்.

வயரிங்தான் ரெப்ளிகாக்களின் தீராத நோய். சாதாரணக் காரில் உடம்பு முழுக்க இரும்பு, அதுவே எர்த்தாக, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியாக, வேலை செய்யும். ஃபைபர்கிளாஸில் மின்சாரம் பாயாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் வயர் இழுத்துச் சேசிஸில் கட்ட வேண்டும். அவசரக்காரர் கோட்டை விடுகிற இடம் இதுதான். ஹெட்லைட்டைப் போட்டு, இன்டிகேட்டரையும் போட்டு, பிரேக்கை மிதியுங்கள். ஒன்று எரியும்போது இன்னொன்று மங்கினாலோ, பிரேக் விளக்கோடு சேர்ந்து இன்டிகேட்டரும் தாளம் போட்டாலோ எர்த் சரியில்லை. பெட்ரோல் முள் தாறுமாறாக ஆடுவதற்கும் பல நேரம் இதுவே காரணம். சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் பேரம் பேச நல்ல ஆயுதம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3518 என்றால் 2018-ன் 35-வது வாரத்தில் செய்தது. இந்தக் கார்கள் அதிகம் ஓடாது என்பதால் டயரில் கோடுகள் புதிதுபோலவே இருக்கும், ரப்பர் மட்டும் கட்டையாக இறுகியிருக்கும். கோப்ரா வகைக்கு இது உயிர் விஷயம். அதன் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 90 அங்குலம்தான். அந்தக் குட்டை உடம்பில் பெரிய இன்ஜின். ஈரச் சாலையில் இறுகிய டயரோடு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்பக்கம் உங்களை முந்திக்கொள்ளப் பார்க்கும். பல ரெப்ளிகாக்களில் ஏபிஎஸ் கிடையாது, ஏர்பேக் கிடையாது. பிரேக்கைக் காலூன்றி மிதிக்க வேண்டும். வாங்குமுன் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள், அதுவும் இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை.

காகிதம்

ஒரு ரெப்ளிகாவின் பதிவுச் சான்றில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் காரைப் பார்ப்பதற்கு முன்பே பாருங்கள். டோனர் காரின் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் கார்கள் உண்டு. சேசிஸ் எண் ஒரு கதை சொல்லும், காகிதம் வேறு கதை சொல்லும். அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் இப்படிக் கட்டிய காரைத் தனிவாகன ஒப்புதல் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். உடம்பில் உரசக்கூடிய விளிம்புகள் போதிய அளவு மழுங்கலாக இருக்கின்றனவா என்பதுவரை பார்ப்பார்கள். வயதோ அடையாளமோ தெளிவில்லாத வாகனத்துக்கு ‘க்யூ’ என்று தொடங்கும் நம்பர் பிளேட் கிடைக்கும். அமெரிக்காவில் 2015-ல் வந்த சட்டம், சிறிய தயாரிப்பாளர் ஒருவர் குறைந்தது 25 ஆண்டு பழைய மாடலின் நகலை ஆண்டுக்கு 325 வரை செய்து விற்கலாம் என்றது. அதற்கான விதிகள் வர மேலும் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வாகனத்தின் வடிவத்தை மாற்றவே இடம் கொடுக்காத நாடுகளும் இருக்கின்றன. முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள்.

இன்ஷூரன்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது ‘ரெப்ளிகா’ என்ற சொல்லை நீங்களே எழுதுங்கள். மறைத்து வாங்கிய பாலிசி, விபத்து நடந்த அன்றைக்குச் செல்லாமல் போகலாம். காரின் மதிப்பை முதலிலேயே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசி கிடைத்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் இழப்பீடு கணக்கிடும்போது உங்கள் கார் டோனர் காரின் விலைக்கு இறங்கிவிடும்.

பேட்ஜ் விஷயம்

இது எனக்கும் மற்ற ரெப்ளிகாக்காரர்களுக்கும் அடிக்கடி சண்டை வரும் இடம். என் கட்சி எளிது: கட்டிய கம்பெனியின் பேட்ஜ் இருந்தால் அதை ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மூக்கு வெறுமையாக இருக்கட்டும். அசல் கம்பெனியின் சின்னத்தை ஒட்டிய நிமிடத்திலேயே நகல் போலியாகிவிடுகிறது.

சட்டமும் ஏறத்தாழ அந்தப் பக்கம்தான். ஒருவரின் டிரேட்மார்க்கை அவர் அனுமதியில்லாமல் போட்டு விற்பது பல நாடுகளில் குற்றம். ஃபெராரி இதில் விடாப்பிடியானது. 1980-களில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் நாயகன் ஓட்டிய கறுப்பு ஃபெராரி டேடோனா, கார்வெட் சேசிஸ்மேல் கட்டிய நகல். அதைச் செய்தவர்மேல் ஃபெராரி வழக்குப் போட்டது. கடைசியில் தொடரிலேயே அந்தக் காரை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு, அதன் இடத்தில் அசல் டெஸ்டரோசாவைக் கொண்டுவந்தார்கள். 2019-ல் பிரேசிலின் இட்டஜாய் நகரில் போலி ஃபெராரி, லம்போர்கினி கார்கள் செய்துகொண்டிருந்த பட்டறைக்குள் போலீஸ் புகுந்து எல்லாவற்றையும் கைப்பற்றியது.

சட்டத்தை விடுங்கள். பேட்ஜ் இல்லாத காரைப் பற்றி ஒருவர் ‘டூப்ளிகேட்’ என்று சொன்னால், அது எதுவாகவும் நடிக்கவில்லையே என்று நிம்மதியாகச் சொல்லலாம். பேட்ஜ் இருந்தால் அந்த வாய்ப்புப் போய்விடுகிறது.

இனி, மனிதர்கள்

கை அசைப்பவர்கள், கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள், சிக்னலில் படம் எடுப்பவர்கள் ஆகியோருக்கு எந்த விளக்கமும் வேண்டாம். அவர்கள் கேட்கவில்லை. சிரித்துக் கை அசையுங்கள், போதும். புதியவர்கள் சிலர் குற்ற உணர்ச்சியில் ஓடி ஓடிப்போய் "இது ரெப்ளிகாங்க" என்பார்கள். பாவம், அந்த மனிதருக்கு ரெப்ளிகா என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது.

கேட்டால் மட்டும், கேட்ட உடனே, ஒரே மூச்சில் சொல்லுங்கள். நான் இப்போது சொல்வது: "இல்ல சார், ரெப்ளிகா. இன்ஜின் ரோவர் வி8, மூன்றரை லிட்டர். கட்டினவர் ரொம்பப் பொறுமைசாலி." முதல் சொல்லிலேயே உண்மை வந்துவிடுகிறது, அடுத்த வாக்கியத்தில் பேசுவதற்கு ஒரு விஷயமும் கிடைத்துவிடுகிறது. பெரும்பாலானவர்கள் அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவார்கள். ‘வெறும் ரெப்ளிகாதான்’ என்று அந்த ‘வெறும்’ போடாதீர்கள். நீங்களே தாழ்த்தினால் அவரும் தாழ்த்தத்தான் செய்வார்.

குழந்தைகள் தனி ரகம். அவர்களுக்கு அசல் நகல் எல்லாம் கிடையாது, சத்தம் வருமா என்பதுதான் கேள்வி. உட்கார ஆசைப்பட்டால் உட்கார வையுங்கள், ஆனால் கதவுக்கு அடியில் ஓடும் சைடு பைப் (புகைக்குழாய்) ஆறிய பிறகுதான். கோப்ராவிலிருந்து இறங்கும்போது கெண்டைக்காலைச் சுட்டுக்கொள்வது இந்தக் காருக்கே உரிய முத்திரை. "பாம்பு கடிச்சிருச்சா?" என்று பழையவர்கள் கிண்டல் செய்வார்கள். என் காலிலும் ஒன்று இருக்கிறது. குழந்தை காலில் அது வேண்டாம். கூட ஒரு துணி வைத்திருங்கள். யாராவது ஏறும்போது பைப்மேல் போட அல்ல, எரிந்துவிடும். பைப் ஆறும்வரை அவர்களைப் பேச்சில் பிடித்து நிறுத்திக்கொண்டே, அந்தத் துணியால் கண்ணாடியைத் துடைப்பது போல் நிற்கலாம்.

விவரம் தெரிந்தவர் ஒருவர் வருவார். சக்கரத்தின் நடுவில் ஒற்றைத் திருகா, ஐந்து போல்ட்டா என்று பார்ப்பார். டேஷ்போர்டில் மீட்டர்களின் வரிசை தப்பு என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வாதாடாமல் கேட்டுக்கொள்ளுங்கள், இலவசப் பாடம். என் காரின் கண்ணாடிச் சட்டம் அசலைவிட இரண்டு விரற்கடை உயரம் என்பதை அப்படி ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ரொம்பவும் குத்திப் பேசினால் மட்டும் ஒரு செய்தியைச் சொல்லி வைக்கலாம். இன்ஜினின் கன அங்குல அளவை வைத்து 427 என்று பெயர் பெற்ற அசல் கோப்ராக்களிலேயே கணிசமானவற்றில் ஷெல்பி வைத்தது வேறொரு ஃபோர்டு இன்ஜின், மலிவான 428. அசலிலும் கலப்பு உண்டு. அதைப்போல, போர்ஷே 356-ன் தொடக்ககால இயந்திரப் பாகங்கள் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை ஒட்டியவை. எனவே பீட்டில் அடித்தளத்தில் ஸ்பீட்ஸ்டர் நகல் கட்டுவது அவ்வளவு பெரிய முறைகேடான உறவு இல்லை.

அசல் கார் வைத்திருப்பவரைச் சந்திக்கத்தான் புதியவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் அவர்கள்தான் எல்லோரையும்விடச் சாதுவானவர்கள். கோடிக்கணக்கில் மதிப்புள்ள காரை மழையில் எடுக்க முடியாது, தெருவில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போக முடியாது. உங்கள் காரில் கல் தெறித்த தழும்புகளைப் பார்த்து அவர்களுக்கே கொஞ்சம் ஏக்கம் வரும். ஒரு மரியாதை மட்டும் வேண்டும்: கண்காட்சியில் அசல்களுக்கு என்று ஒதுக்கிய வரிசையில் போய் நிறுத்தாதீர்கள். வாசலிலேயே ரெப்ளிகா எங்கே நிறுத்தலாம் என்று கேளுங்கள்.

கேலி செய்பவர் இருப்பார். "இதுக்கு ஒரிஜினலே வாங்கியிருக்கலாமே?" என்பது அவருக்குப் பிடித்த வசனம். முதல் கோப்ராவின் ஏல விலையை மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடினாலும் சண்டை.

உறவினர்களின் கேள்வி வேறு: "எவ்வளவு ஆச்சு?" உண்மை விலையைச் சொன்னால், "பிளாஸ்டிக் வண்டிக்கா?" என்பார்கள். குறைத்துச் சொன்னால், தனக்கும் ஒன்று அந்த விலைக்கு முடித்துக்கொடு என்பார்கள். நான் "நல்ல ஃபேமிலி கார் விலை மாமா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, ஒரு ரவுண்டு ஏற்றிக்கொண்டு போய்விடுவேன். மேல்கூரை இல்லாத காரில் காற்று முகத்தில் அடிக்கும்போது கணக்குக் கேட்க முடியாது.

சிக்னலில் பக்கத்தில் நின்று இன்ஜினை உறுமவிட்டு ஜாடை காட்டும் இளைஞர்களிடம் மட்டும் எதுவும் வேண்டாம். தலையை ஆட்டி வழிவிடுங்கள். தோற்றால் கேலி, ஜெயித்தால் விபத்துக்குப் பக்கம். முன்னே சொன்ன 90 அங்குலம் நினைவிருக்கட்டும். அதிகாலையில் கிளப்பினால் தெருவே எழுந்துவிடும் என்பதால், சோக்கை இழுத்து உறும விடாமல் மெதுவாகத் தெருமுனைவரை உருட்டிப் போங்கள். அக்கம்பக்கத்தாரின் நல்லெண்ணம் எந்தப் பாராட்டையும்விடப் பயன்படும், குறிப்பாகக் காரைத் தள்ளிவிட ஆள் தேவைப்படும் நாளில்.

ஒரு நோட்டு

வாங்கிய முதல் நாளே ஒரு நோட்டுப் போடுங்கள். பிரேக் பேட் எந்தக் காரினுடையது, வைப்பர் மோட்டார் எதிலிருந்து வந்தது, ஃபேன் பெல்ட் என்ன நீளம் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். பாகம் விற்கும் கடையில் போய்க் "கோப்ராவுக்குப் பிரேக் பேட்" என்று கேட்டால் சிரிப்பார்கள். "ஃபோர்டு சியரா முன்சக்கரத்துக்கு" என்று கேட்டால் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். இப்படிப் பத்துப் பதினைந்து பாகங்கள் பத்து வெவ்வேறு கார்களிலிருந்து வந்திருக்கும். கட்டியவர் உயிரோடு, தொடர்பில் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

விற்கும் நாள் வந்தால் விளம்பரத்தின் முதல் வரியிலேயே ‘ரெப்ளிகா’ என்று போடுங்கள். யார் கட்டியது, எந்த ஆண்டு பதிவு, எந்த இன்ஜின் என்பது அடுத்த வரி. வருகிறவரிடம் பில் கட்டையும் அந்த நோட்டையும் கொடுத்துவிடுங்கள். பேட்டரி கட்டாஃப் சுவிட்ச் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் மறக்காமல் காட்டுங்கள். எனக்கு விற்றவர் மறந்துவிட்டார். சீட்டுக்குப் பின்னால் கம்பளத்துக்கு அடியில் அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.